வன்தட்டு இருக்கிறது, இறுவட்டுக்குத் தெரியவில்லை

 

இன்றைய பேச்சுக்குரிய விடயம் கேட்பதற்குச் சிறியது. கணினியில் பணிசெயல் முறைமையை நிறுவுவதற்கு ஓர் இறுவட்டு இருக்கிறது அல்லவா? அந்த இறுவட்டுக்குள், நமது இயந்திரத்தில் பல வன்தட்டுகளை ஒன்றாகக் காட்டும் ரெய்ட் அட்டைக்குரிய ட்ரைவரை முன்கூட்டியே சேர்த்து வைப்பது. இவ்வளவுதான் விடயம். ஆனால் இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டதால், நல்ல நிலையில் இருந்த தட்டுகளை மனிதர் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். ஆகவேதான் இதை ஒரு சபையில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு காட்சியை மனதில் கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து பாவித்த சேர்வர் ஒன்றை ஒருவர் கல்முனைக்கு இறக்குகிறார். மருந்துக்கடைக்காரராக இருக்கலாம், கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் ஸ்டூடியோக்காரராக இருக்கலாம், ஜமாஅத்தின் பதிவுகளைக் கணினியில் ஏற்ற முனைந்த பள்ளிவாசல் செயலாளராகவும் இருக்கலாம். உள்ளே நான்கு வன்தட்டுகள். நான்கிலும் பச்சை விளக்கு. கணினிக் கடைத் தம்பி இறுவட்டைப் போடுகிறார். மொழி கேட்கிறது, விசைப்பலகை கேட்கிறது, நிபந்தனைகளுக்குச் சம்மதம் கேட்கிறது. எல்லாம் ஒழுங்கு. எந்தத் தட்டில் நிறுவுவது என்று பட்டியல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

உடனே என்ன சொல்கிறார்கள்? “ஹார்ட் டிஸ்க் பழுதாப் பெய்த்து.” இல்லை, சகோதரர்களே! தட்டு பழுதாகவில்லை. கேபிள் கழலவில்லை. இயந்திரம் விற்றவர் ஏமாற்றவும் இல்லை. தட்டு இருக்கிறது, அதைப் பார்க்க இந்த இறுவட்டுக்குத் தெரியவில்லை.

இது தெரியாதவர் அடுத்து என்ன செய்கிறார்? தட்டுகளை உருவி, இடம் மாற்றிச் செருகுகிறார். பிறகு ரெய்ட் அட்டையின் மெனுவுக்குள் நுழைகிறார். டெல் சேர்வர்களில் வரும் பெர்க் அட்டை, வேறோர் அட்டையில் அமைக்கப்பட்ட தட்டுகளைக் கண்டால் அவற்றை ‘ஃபாரின்’ என்று குறிக்கும். அங்கே ‘இம்போர்ட்’ என்று ஒரு தெரிவு, ‘கிளியர்’ என்று இன்னொரு தெரிவு. முதலாவது, தட்டுகளில் எழுதப்பட்டிருக்கும் அமைப்பை ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது, அந்த அமைப்பையே நீக்கிவிடும். பதற்றத்தில் இருக்கும் கை எதை அழுத்தும்? இல்லாத பழுதைத் திருத்தப் போய் உண்மையான இழப்பு தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சரி, இந்த ரெய்ட் எங்கிருந்து வந்தது? 1988 இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அக்காலத்துப் பெருங்கணினிகளின் தட்டு ஐபிஎம் 3380, கொள்ளளவு 7,500 மெகாபைட், விலை அதற்கேற்றது. மறுபுறம், மேசைக் கணினிகளுக்காகக் கானர் நிறுவனம் செய்த 100 மெகாபைட் தட்டு, மலிவானது. பெரிய ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை 75 ஐச் சேர்த்தால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். 75 தட்டுகள் இருந்தால் ஏதோ ஒன்று அடிக்கடி பழுதாகும். அதற்கும் அவர்களே வழி சொன்னார்கள்: ஒரே தரவை இரண்டு தட்டுகளில் எழுது, அல்லது இழந்ததைக் கணித்து மீட்கக்கூடிய சரிபார்ப்புத் தகவலைச் சேர்த்து எழுது. இன்று நாம் ரெய்ட் 1 என்பது முன்னையது. ரெய்ட் 5 என்பது பின்னையதன் ஒரு வகை.

மலிவான தட்டுகளைக் கொண்டு விலையுயர்ந்த பெரிய தட்டின் வேலையைச் செய்யப் பிறந்த யோசனை இது. நமது ஊர்களுக்கு இது பொருந்துவதற்கு வேறு காரணம் தேவையா?

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நான்கு தட்டுகளை ஒன்றாகக் காட்டும் வேலையை அந்த அட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பணிசெயல் முறைமை தட்டுகளோடு நேரே பேசுவதில்லை, அட்டையோடு பேசுகிறது. அந்த அட்டையின் மொழி தெரிந்த சிறு மென்பொருள்தான் ட்ரைவர். இயந்திரம் விழிக்கும் முதல் சில விநாடிகளுக்கு, அட்டையில் பதிந்திருக்கும் நிரலே தட்டைப் படித்துக் கொடுத்துவிடும். பிறகு பணிசெயல் முறைமையின் கரு பொறுப்பை ஏற்கிறது. அந்தக் கணத்திலிருந்து அதற்குச் சொந்த ட்ரைவர் வேண்டும். அது எங்கே இருக்கிறது? அதே தட்டில்! சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்கு வெளியே ஒரு சாவி வேண்டும், அதுவும் முதலிலேயே வேண்டும்.

இந்தச் சாவியை வெளியே வைத்திருக்க மனிதர் பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25 இல் வெளிவந்தது. கல்முனையில் கணினி பழகிய ஒரு தலைமுறைக்கே அது முதல் பாடம். அந்த இறுவட்டைப் போட்டவுடன் நீலத் திரை வரும். திரையின் அடியில் சில விநாடிகளுக்கு ஒரு வரி தோன்றும்: வேறு நிறுவனத்தின் ஸ்கஸி அல்லது ரெய்ட் ட்ரைவர் தேவையானால் எஃப்6 ஐ அழுத்துக. கண் சிமிட்டினால் போய்விடும். அழுத்தியவருக்கும் உடனே பதில் வராது; சில நிமிடங்கள் கழித்து, ட்ரைவர் உள்ள ஃப்ளொப்பியை ‘ஏ’ யில் போடச் சொல்லும். இறுவட்டு ஆகாது, பென் ட்ரைவ் ஆகாது, ஃப்ளொப்பிதான் வேண்டும். காலம் போகப் போகப் புதிய இயந்திரங்களிலிருந்து ஃப்ளொப்பி மறைந்தது. சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் அதன் விற்பனையையே நிறுத்தியது. எக்ஸ்பிக்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவோ 2014 ஏப்ரல் 8 வரை நீடித்தது. ஃப்ளொப்பி கேட்கும் முறைமை உயிரோடு, ஃப்ளொப்பி இல்லை!

அப்போது கைகொடுத்தது யார்? பெரிய நிறுவனம் அல்ல. நுஹி என்று அறியப்பட்ட டினோ நுஹாகிச் என்ற தனிமனிதர். அவர் ஆக்கிய என்லைட் என்ற மென்பொருள், எக்ஸ்பி இறுவட்டைப் பிரித்து, ட்ரைவரை உள்ளே சேர்த்து, மீண்டும் இறுவட்டாகக் கட்டித் தந்தது. அதில் ஒரு நுட்பம் இருந்தது. சேமிப்பக ட்ரைவரைச் சேர்க்கும்போது அதை ‘டெக்ஸ்ட்மோட்’ ட்ரைவர் என்று குறிக்க வேண்டும். வேறு சாதாரண ட்ரைவர் போலச் சேர்த்தால், நீலத் திரைக் கட்டத்தில் அது ஏற்றப்படாது. வேலை முடிந்தது என்று நினைத்தவருக்கு 0x0000007B என்ற பிழை எண்தான் கிடைக்கும். இயங்கத் தொடங்க வேண்டிய தட்டை அடைய முடியவில்லை என்பதே அதன் பொருள். பல கடைகளில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் நல்ல தட்டுகளுக்குத் தண்டனை விதித்தார்கள்.

எக்ஸ்பி காலம் முடிந்துவிட்டதே, இப்போது இந்தக் கதை எதற்கு என்று முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் கேட்கலாம். முடிந்ததா? 2020 இல் இன்டெலின் 11 ஆம் தலைமுறைச் செயலிகள் மடிக்கணினிகளில் வந்தன. அவற்றில், ரெய்ட் அட்டையைப் போலவே தட்டுக்கு முன்னே நிற்கும் விஎம்டி என்ற வசதி பல இயந்திரங்களில் இயக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. சாதாரண விண்டோஸ் 10 இறுவட்டைப் போட்டால், அதே வெறும் பட்டியல்! உள்ளே புத்தம் புதிய என்விஎம்இ தட்டு; திரையில் ஒன்றுமில்லை. இதற்காக இன்டெல் வெளியிட்ட ட்ரைவர்க் கோப்புறையின் பெயரைப் பாருங்கள்: எஃப்6, அதை அடுத்து ஃப்ளொப்பியின் சுருக்கம். ஃப்ளொப்பியைக் கண்ணால் கண்டிராத பிள்ளையின் மடிக்கணினிக்கும் அந்தப் பெயர்தான் மருந்து.

இதற்குக் குறுக்கு வழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். பயோஸுக்குள் போய் விஎம்டியை, அல்லது ரெய்ட் முறையை, நிறுத்திவிடு, தட்டு தெரியும். வெற்று இயந்திரமானால் செய்யலாம், குற்றமில்லை. ஆனால் ஏற்கனவே தரவு உள்ள இயந்திரத்தில்? இருந்த விண்டோஸ் விழிக்க மறுக்கும். இரண்டு தட்டுகளைச் சேர்த்து அமைத்த தொகுதியானால் தொகுதியே தெரியாமற்போகும். அந்த நிலையில் ‘ஃபார்மட்’ என்று ஒரு பொத்தானை யாராவது அழுத்தினால், பத்து வருடக் கல்யாணப் படங்கள் போன இடம் தெரியாது.

ஆகவே நேர்வழிக்கு வருவோம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இறுவட்டின் அமைப்பு மாறியது. உள்ளே இரண்டு பெரிய கோப்புகள்: பூட்.விம், இன்ஸ்டோல்.விம். முதலாவது, நிறுவும் வேலையைச் செய்யும் சிறு விண்டோஸ். இரண்டாவது, தட்டில் போய் அமரப்போகும் விண்டோஸ். இப்போது ‘லோட் ட்ரைவர்’ என்ற பொத்தான் உண்டு, பென்னிலிருந்தும் ஏற்றலாம். ஒரு தடவைக்கு அது போதும். ஆனால் அந்தப் பென் நெருக்கடி நேரத்தில் யார் சட்டைப்பையில் இருக்கும்? இறுவட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

சேர்ப்பதற்கு மைக்ரோசொஃப்டே தரும் கருவி டிஸ்ம். இறுவட்டின் உள்ளடக்கத்தை ஒரு கோப்புறையில் பிரதி செய்து, விம் கோப்பை இன்னொரு வெற்றுக் கோப்புறையில் ‘மவுண்ட்’ செய்து, ட்ரைவரைச் சேர், மாற்றத்தைச் சேமி, மூடு என்று கட்டளை இடுவதுதான் வேலை. கேட்க எளிது. தவறுவது எங்கே?

பூட்.விம் கோப்புக்குள் இரண்டு பிம்பங்கள் உண்டு. நிறுவல் திரை இயங்குவது இரண்டாவதில். முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர். பூட்.விம்மில் சேர்த்தால் போதும் என்று நிறுத்துவதும் சரியல்ல, இன்ஸ்டோல்.விம்மிலும் சேர்த்தால்தான் முதல் மறுதொடக்கத்தில் மனம் பதறாமல் இருக்கலாம். அதற்குள் ஹோம், ப்ரோ என்று பல பதிப்புகள் தனித்தனிப் பிம்பங்களாக இருக்கும். எதை நிறுவப்போகிறோமோ அதில் சேர்க்க வேண்டும். இறக்கிய இறுவட்டில் இன்ஸ்டோல்.விம் இல்லாமல் இன்ஸ்டோல்.ஈஎஸ்டி இருந்தால், அதை அப்படியே திறந்து ட்ரைவர் சேர்க்க முடியாது. முதலில் விம் ஆக மாற்ற வேண்டும்.

ட்ரைவர் விடயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் செட்டப் கோப்பு இங்கே உதவாது. ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் கோப்புகளாகப் பிரித்து எடுத்ததே வேண்டும். அது 64 பிட் முறைமைக்குரியதாக, முறையாகக் கையொப்பமிடப்பட்டதாக இருக்க வேண்டும். யாரோ எங்கோ ஏற்றிவைத்த ‘எல்லா ட்ரைவரும் அடங்கிய’ இறுவட்டை நம்பி மருந்தகத்தின் சேர்வரில் போடாதீர்கள். ட்ரைவர் என்பது கருவின் உள்ளறைக்குள் போகும் நிரல். அங்கே அந்நியரை அனுமதித்தால் பூட்டுக்கே அர்த்தமில்லை.

இன்னும் ஒரு தடை. யூஇஎஃப்ஐ இயந்திரங்களுக்கான பென் பெரும்பாலும் ஃபாட்32 முறையில் அமைக்கப்படும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. ட்ரைவர்கள் சேர்ந்து இன்ஸ்டோல்.விம் பருத்துவிட்டால் என்ன செய்வது? அதே டிஸ்ம் கருவியால் துண்டுகளாகப் பிரிக்கலாம். நிறுவல் நிரல் அந்தத் துண்டுகளைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

விண்டோஸ் பேச்சு போதும். லினக்ஸ் பாவிப்போருக்கு இந்தத் தொல்லை இல்லையா? உண்டு, சபையோர்களே. லினக்ஸ் கருவோடு சேர்ந்தே பெரும்பாலான ரெய்ட் ட்ரைவர்கள் வருகின்றன. அதனால் தொல்லை குறைவு. ஆனால் 2019 மே மாதம் ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 8 ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய அட்டைகள் பலவற்றுக்கான ஆதரவை நீக்கியது. டெல்லின் பெர்க் 5, பெர்க் 6 போன்றவை அதில் அடிபட்டன. நமது ஊர்க் கடைகளில் பாவித்த நிலையில் வந்து சேரும் சேர்வர்களில் இருப்பவை அப்படிப்பட்ட அட்டைகள்தாம்! பெருநிறுவனத்துக்கு அது காலாவதியான பொருள். இங்கே அது ஒரு நூலகத்தின், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முதல் சேர்வர்.

அப்போது என்ன நடந்தது? எல்ரெப்போ என்ற தன்னார்வலர் குழு, நீக்கப்பட்ட ட்ரைவர்களைத் தனித் தட்டுப் பிம்பங்களாக வழங்கியது. நிறுவும்போது அவற்றை இணைத்துக் கொடுக்கலாம். பென்னுக்கு ‘ஓஈஎம்டிஆர்வி’ என்று பெயரிட்டு உரிய கோப்பை அதில் வைத்தால், நிறுவல் நிரல் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பிறகு அல்மாலினக்ஸ் என்ற சமூகத் திட்டம் இன்னும் ஒரு படி போனது. 2024 மே மாதம் வந்த அதன் 9.4 பதிப்பில், நீக்கப்பட்டிருந்த பழைய சேமிப்பக ட்ரைவர்கள் பலவற்றை, மெகாரெய்ட் அட்டைக் குடும்பத்துக்குரியவை உட்பட, இறுவட்டுக்குள்ளேயே மீண்டும் சேர்த்தது. இன்றைய பேச்சின் பொருள் எதுவோ அதை உலகத்துக்கே செய்து காட்டினார்கள். பழைய இயந்திரம் வைத்திருப்பவரும் மனிதர்தான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களால் முடியாதா? முடிந்திருக்கிறது. ஹந்தான மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ், ஃபெடோராவைத் தழுவி இலங்கையர் தொகுத்த முறைமை. சென்னையில் சிடாக் நிறுவனம் டெபியனைத் தழுவி பாஸ் லினக்ஸைத் தொகுத்தது. ஒரு முழு முறைமையையே தொகுக்கும் கைகளுக்கு ஒரு ட்ரைவரைச் சேர்ப்பது பெரிய காரியமா? ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு பிற்பகல் வேலை.

இனி, இந்த மண்ணில் நின்று பேசாமல் விட முடியாத ஒன்று. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். இந்த மண்டபத்தில் அந்தக் காலையின் வலியைச் சுமக்காத குடும்பம் குறைவு. உயிர்களோடு காகிதங்களும் போயின: பிறப்புப் பதிவு, காணி உறுதி, பாடசாலைப் பதிவேடு. அந்த நாட்களில்தான் கொழும்பில் இலங்கை மென்பொருளாளர்கள் ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிய சஹானா என்ற திறந்த மூல முறைமையை ஆக்கினார்கள். பிறகு 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூக நன்மைத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

அப்படிப்பட்ட நாளொன்றில், கையில் கிடைத்த இயந்திரத்தில், இணையம் இல்லாத இடத்தில், ஒரு முறைமையை நிறுவ வேண்டி வரும். ட்ரைவரைத் தேடி இறக்க அப்போது இணைப்பு இருக்காது. தொலைபேசியில் கேட்க ஆள் இருக்காது. எது ஏற்கனவே இறுவட்டுக்குள் இருக்கிறதோ அதுதான் இருக்கும்.

பேரிடர் இல்லாத நாளிலும் நமக்குச் சோதனை உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ரெய்ட் 5 இல் தரவை எழுதி, அதன் சரிபார்ப்புத் தகவலை எழுதுமுன் மின்சாரம் போனால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். இதற்காகவே நல்ல அட்டைகளில் சிறு பற்றரி வைத்திருக்கிறார்கள். பாவித்து வந்த சேர்வரில் அந்தப் பற்றரி செத்திருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போதே மெனுவில் பாருங்கள். சிறிய அலுவலகத்துக்கு இரண்டு தட்டுகளில் ரெய்ட் 1 போதும். அதுவும் லினக்ஸின் மென்பொருள் ரெய்ட் ஆனால், அட்டை செத்தாலும் தட்டை இன்னொரு லினக்ஸ் இயந்திரத்தில் செருகிப் படிக்கலாம். அதே வகை அட்டையைத் தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

ரெய்ட் இருந்தால் பிரதி தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவம். 2023 ஆகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. மே 17 இலிருந்து அன்றுவரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. தட்டு பழுதானால் ரெய்ட் காப்பாற்றும். கள்வன் உள்ளே வந்து எழுதினால், அதே எழுத்தை எல்லாத் தட்டிலும் ஒழுங்காக எழுதிவைக்கும். தனியாகக் கழற்றி வைத்த பிரதி ஒன்றுதான் அங்கே உதவும்.

கடைசியாக, நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய வேலை. சேர்வரின் மூடியைத் திறந்து, அட்டையின் மாதிரிப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். தட்டுகளுக்கு 0, 1, 2, 3 என்று செருகிய வரிசைப்படி இலக்கம் ஒட்டுங்கள். எந்த ரெய்ட் என்றும் குறியுங்கள். ட்ரைவர் சேர்த்த இறுவட்டைச் செய்து, ஒன்றை அலுவலகத்திலும் இன்னொன்றைக் கடலிலிருந்து தள்ளிய வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும்போது சேர்வருக்கு வேலை இல்லை. சோதிக்க அது நல்ல நேரம். இறுவட்டிலிருந்து இயக்கி, பட்டியலில் தொகுதியின் அளவு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, ‘நெக்ஸ்ட்’ ஐத் தொடாமல் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். சோதித்த திகதியை அந்தத் தாளில் எழுதி, மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். அட்டையை மாற்றினாலோ விண்டோஸின் புதிய பதிப்புக்கு இறுவட்டைப் புதுப்பித்தாலோ மீண்டும் சோதித்து, பழைய திகதியை வெட்டிப் புதியதை எழுதுங்கள்.